செஞ்சிக் கோட்டையும் தேசிங்கு கதையும்: ஒரு மறுவாசிப்பு

2025 ஜூலை 11 அன்று பாரிஸில் கூடிய உலகப் பாரம்பரியக் குழு, 'இந்தியாவின் மராத்திய இராணுவ நிலவமைப்புகள்' என்னும் தலைப்பின்கீழ் 12 கோட்டைகளை யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தது. அவற்றுள் 11 மகாராஷ்டிரத்தைச் சேர்ந்தவை. எஞ்சிய ஒன்று விழுப்புரம் மாவட்டத்துச் செஞ்சி. தமிழகத்தின் பெருங்கோட்டை ஒன்று உலகின் கவனத்தைப் பெற்றமை மகிழ்ச்சிக்குரியதே. ஆயினும் எத்தலைப்பின்கீழ் அது கவனம் பெற்றது என்பது சிந்திக்கத்தக்கது. ஓரிடத்திற்குப் பெயர் சூட்டுவது அவ்விடத்தின் வரலாற்றை ஒரு முறையில் வாசிப்பதே ஆகும். அவ்வாசிப்பை வேறு வாசிப்புகளுடன் ஒப்பிட்டு மதிப்பிடுவது திறனாய்வின் கடமை. செஞ்சியைப் பொறுத்தவரை அவ்வாறு ஒப்பிடுவதற்குத் தமிழில் தேசிங்குராஜன் கதைப்பாடலும், பாரசீகத்தில் இரண்டு நூல்களும், கண்முன்னே கற்கட்டடங்களும் உள்ளன. இவற்றோடு கோட்டையைச் சுற்றியுள்ள சந்தை ஊர்களையும் ஒரு சான்றாகக் கொள்ள வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

எல்லையில் அமைந்த நகர்

செஞ்சிக்கு இரயில் நிலையம் கிடையாது. சென்னையிலிருந்து வருவோர் திண்டிவனத்தில் இறங்கி ஏறத்தாழ 28 கிலோமீட்டர் மேற்கே செல்ல வேண்டும். தெற்கிலிருந்து வருவோர்க்கு விழுப்புரம் சந்திப்பே வாயில். புளிய மரங்கள் நிறைந்த காடு என்னும் பொருளுடைய 'திந்திரிணி வனம்' திண்டிவனமாகத் திரிந்தது என்பர். அங்கிருந்து செல்லும் சாலையின் இருமருங்கிலும் நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் மாறிமாறித் தோன்றும். வேர்க்கடலையை இப்பகுதி மக்கள் 'மல்லாட்டை' என்றே வழங்குவர். மணிலாக்கொட்டை என்பதன் திரிபு அது. கடல் கடந்து வந்த ஒரு பயிரின் பயணம் உழவர் நாவில் பதிந்துவிட்ட ஒரு சொல்லில் அடங்கியுள்ளது. இவ்வட்டாரத்தின் வரலாற்றைச் சொற்களிலும் தேட வேண்டும் என்பதற்கு இது முதற்சான்று.

செஞ்சியை நெருங்கும்போது பாறைக்குன்றுகள் எழுகின்றன. திருவண்ணாமலைச் சாலையின் வடபுறத்தே கிருஷ்ணகிரி, தென்புறத்தே இராஜகிரி, அதனையடுத்துச் சந்திரகிரி என முக்கோணமாய் நிற்கும் மூன்று மலைகளையும் ஒரே மதில் வளைத்துச் செல்கிறது. இயற்கை அமைத்த அரணை மனிதர் நிறைவு செய்த இடம் இது.

ஆயினும் இக்கோட்டையின் முதன்மைக்கு உயரம் மட்டுமே காரணமன்று. தொண்டை மண்டலம் முடிந்து நடுநாடு தொடங்கும் பகுதியில் செஞ்சி நிற்கிறது. விஜயநகரப் பேரரசின்கீழ் நாயக்கர் ஆண்டபோதும், பீஜாப்பூர் சுல்தானியம் தெற்கே விரிந்தபோதும், முகலாயருக்கும் தஞ்சை மராத்தியருக்கும் இடையே பகை நிலவியபோதும், பின்னர்ப் புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரரும் சென்னை ஆங்கிலேயரும் மோதியபோதும் இந்நகர் ஓர் எல்லையில் இருந்தது. எல்லையில் நிற்கும் நகர் ஒருவருக்கே உரியதாக நீண்டகாலம் இருப்பதில்லை. இப்பண்பை மறந்து எழுதப்படும் எந்த வரலாறும் செஞ்சிக்குப் பொருந்தாது.

பெயர்களின் அடுக்கு

மெக்கன்சியின் காலத்தில், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதப்பட்ட 'கர்நாடக இராஜாக்கள் சவிஸ்தார சரித்திரம்' கோட்டையின் தோற்றத்தை ஆனந்தக்கோன் என்னும் இடையர் குலத் தலைவனுக்கு உரியதாக்குகிறது. அவனுக்குப் பின் வந்த கிருஷ்ணக்கோனின் பெயராலேயே கிருஷ்ணகிரி அழைக்கப்பட்டது என்பதும் அம்மரபே. 16-ஆம் நூற்றாண்டில் நாயக்கர் தலைநகராகச் செஞ்சி வளம் பெற்றது. 1597-இல் இங்கு வந்த இயேசு சபைத் துறவி பிமெண்டா, தாம் இந்தியாவில் கண்ட நகரங்களுள் இதுவே பெரிது என்றும், லிஸ்பனை நீக்கினால் போர்த்துக்கலில் இதற்கு நிகரானதொரு நகர் இல்லை என்றும் கருத்துப்பட எழுதினார்.

1649-இல் பீஜாப்பூர்ப் படை கோட்டையைக் கைப்பற்றியது. அப்போது அதற்குப் 'பாதுஷாபாத்' எனப் பெயரிடப்பட்டது. 1677-இல் சிவாஜி அதனைப் பெற்றார். 1689-இல் அவர் மகன் இராஜாராம் இங்கு வந்து சேர, மராத்திய அரசின் தலைமையிடமாகவே செஞ்சி சில ஆண்டுகள் விளங்கியது. 1690 முதல் 1698 வரை நீடித்த முற்றுகையின் முடிவில் முகலாயத் தளபதி சுல்பிகார் கான் அதனைக் கைக்கொண்டார். நுஸ்ரத் ஜங் என்னும் அவருடைய பட்டத்தையொட்டி அது 'நுஸ்ரத்கட்' ஆயிற்று. 1750 செப்டம்பரில் புஸ்ஸியின் தலைமையில் வந்த பிரெஞ்சுப் படையிடமும், 1761-இல் ஆங்கிலேயரிடமும் அது சென்றது. 1921-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இவ்வாண்டுகளைக் கூட்டிப் பார்த்தால் மராத்தியர் கையில் செஞ்சி இருந்தது 21 ஆண்டுகள். பீஜாப்பூருக்கு 28. முகலாயர்க்கும் ஆர்க்காட்டு நவாபுகளுக்கும் 52. நாயக்கர் காலமோ நூற்றாண்டைக் கடந்தது. எனவே 'மராத்திய இராணுவ நிலவமைப்பு' என்னும் பெயர் அடிப்படையற்றது என்று கூறுதல் பொருந்தாது. சிவாஜி மதில்களை வலுப்படுத்தியதை அக்கால இயேசு சபையினரின் மடல்களே குறிப்பிடுகின்றன. இராஜாராம் இங்கு தங்கியிராவிடில் மராத்திய அரசின் வரலாறு வேறு வகையாய்ச் சென்றிருக்கும். ஆனால் அப்பெயர் உண்மையின் ஒரு பகுதியைக் கூறி மற்றப் பகுதிகளை நிழலுக்குள் தள்ளுகிறது. மலையடிவாரத்தில் நாயக்கர் எழுப்பிய வேங்கடரமணர் கோயிலும், 1717-18-இல் அமைந்த சாதத்துல்லாகான் பள்ளிவாசலும், பல அடுக்குகளாய் உயரும் கல்யாண மகாலும், நெற்களஞ்சியங்களும் எந்த ஒற்றைத் தலைப்பிலும் அடங்குவன அல்ல. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில பிரெஞ்சுக்காரரால் பெயர்த்தெடுக்கப்பட்டுப் புதுச்சேரிக் கடற்கரைக்குச் சென்றன. இன்று அங்கே காந்தியடிகளின் சிலையைச் சூழ்ந்து நிற்பவை செஞ்சியின் தூண்களே. ஒரு நகரின் வரலாறு அதன் மதிலுக்குள் முடிந்துவிடுவதில்லை என்பதை அவை காட்டும்.

ஆங்கிலேய ஆசிரியர் செஞ்சியைக் 'கிழக்கின் ட்ராய்' என்றனர். இப்பெயரை நம்மவரும் பெருமையுடன் எடுத்தாள்வதுண்டு. தமிழ்நிலத்துக் கோட்டையொன்று தன் பெருமையை மெய்ப்பிக்கக் கிரேக்கக் காவியத்தின் துணையை நாட வேண்டியதில்லை. அதற்கென ஒரு காவியம் தமிழிலேயே இருக்கிறது. அது புலவர் அவையில் அரங்கேறாமல் தெருவிலும் திண்ணையிலும் பாடப்பட்டமையால் நாம் அதனைக் காவியமாக மதிக்கவில்லை.

கதைப்பாடல் கூறுவது

தேசிங்குராஜன் கதை பெரிய எழுத்துப் புத்தகமாகவும், பாடகர் வாய்மொழியாகவும், கூத்தாகவும் தமிழகமெங்கும் பரவியது. 1960-இல் எம்.ஜி.ஆர். நடிப்பில் திரைப்படமாகவும் வந்தது. தேசிங்கு எனத் தமிழ் நாவில் திரிந்த பெயர் தேஜ்சிங் என்பதாகும். அவர் புந்தேல இராஜபுத்திரர். ஔரங்கசீபு காலத்தில் செஞ்சிக் கோட்டைத் தலைவராக அமர்த்தப்பட்ட சுவரூப்சிங்கின் மகன். 1714-இல் தந்தை இறந்தபின் கோட்டைப் பொறுப்பை ஏற்றார். தந்தை காலத்திலிருந்து செலுத்தப்படாத திறைப்பாக்கியை ஆர்க்காட்டு நவாபு சாதத்துல்லாகான் கேட்டார். தேசிங்கு மறுத்தார். அவ்வாண்டு அக்டோபரில் செஞ்சிக்கருகே நிகழ்ந்த போரில் ஏறத்தாழ 22 வயதில் அவர் மாண்டார். அவர் ஆண்டது சில மாதங்களே.

எலும்புக்கூடு போன்ற இச்செய்திக்குக் கதைப்பாடல் உயிரூட்டுகிறது. அதன் உயிர்நிலை தேசிங்கின் வீரத்தில் மட்டும் இல்லை. அவருக்கும் முகமது கானுக்கும் இடையிலான நட்பில் இருக்கிறது. முகமது கானை வரலாற்றாசிரியர் மகபத் கான் என்பர். அவர் புதுச்சேரிக்கு அண்மையிலுள்ள வழுதாவூரின் தலைவர். திருமணம் நிகழவிருந்த வேளையில் நண்பனிடமிருந்து போர்ச்செய்தி வருகிறது. மணக்கோலம் பூண்டவர் போர்க்கோலம் பூண்டு நீலவேணி என்னும் குதிரையில் ஏறிச் செஞ்சிக்கு விரைகிறார். நண்பனுக்காகப் போரிட்டு, நண்பனுடன் மடிகிறார். போருக்கு முன் தேசிங்கு சிங்கவரம் குன்றிலுள்ள அரங்கநாதரிடம் விடைபெறச் சென்றதாகவும், இறைவன் விடைதர மனமின்றி முகத்தைத் திருப்பிக்கொண்டதாகவும் வழக்கு உண்டு. இன்றும் சிங்கவரத்தில் அத்திருமேனியின் முகச்சாய்வைக் காட்டி இக்கதையைச் சொல்வர்.

இங்கு நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கதையில் வீரனை அவனுடைய தெய்வமே தடுக்கிறது. அவனோடு இறுதிவரை நிற்பவர் வேற்றுச் சமயத்தைச் சேர்ந்த நண்பர். எதிரே நிற்கும் நவாபோ அந்நண்பரின் சமயத்தவர். சமயத்தின் அடிப்படையில் அணிவகுப்பை அமைக்கும் எண்ணம் பாடியவருக்கோ கேட்டவருக்கோ இருந்திருந்தால் கதை இவ்வாறு அமைந்திராது. நட்பும் சொல் தவறாமையுமே அக்கதையின் அறம். முகமது கான் முஸ்லிமாக இருப்பதைக் கதை மறைக்கவும் இல்லை, அதனைத் தனியே வியக்கவும் இல்லை. அந்த வியப்பின்மையே அதன் பெருஞ்சிறப்பு எனலாம். வியக்கத் தொடங்கியவர்கள் நாம்.

பாரசீகத்தில் இருவர்

இக்கதையைப் பாரசீக நூல்களோடு வைத்து வாசிக்கும்போது பொருள் மேலும் தெளிவாகிறது. முதலாமவர் பீம்சேன். புர்ஹான்பூரில் பிறந்த காயஸ்தர். புந்தேலத் தலைவர் தல்பத்ராவின் பணியில் இருந்து செஞ்சி முற்றுகையை நேரிற் கண்டவர். 'நுஸ்கயே தில்குஷா' என்னும் அவர்தம் நினைவுநூல் பாரசீகத்தில் எழுதப்பட்டது. சுல்பிகார் கான் எண்ணியிருந்தால் கோட்டையை விரைவிற் பிடித்திருக்கலாம், ஆனால் போரை நீட்டிப்பதே தளபதியர் வழக்கம் என்று கருத்துப்பட அவர் எழுதுகிறார். பேரரசரின் படையில் இருந்துகொண்டே பேரரசின் தளபதியை இவ்வாறு மதிப்பிட்ட துணிவு போற்றத்தக்கது. அவருடைய தலைவரான தல்பத்ராவும், மராத்தியர் வசமிருந்த கோட்டையை முகலாயர்க்காக முற்றுகையிட்ட இராஜபுத்திரரே என்பதையும் மறத்தலாகாது.

இரண்டாமவர் ஜஸ்வந்த் ராய். சாதத்துல்லாகானின் புகழைப் பாடும் 'சயீத் நாமா'வை இயற்றியவர் இவரே. தேசிங்கைத் தமிழ்க் கதைப்பாடல் வீரனாகக் காண, இவர் நவாபின் ஆணையை மீறிய கலகக்காரராகவே காண்கிறார். இவ்வேறுபாட்டை ஆராய்ந்தவருள் சஞ்சய் சுப்ரமணியம் குறிப்பிடத்தக்கவர். தேஜ்சிங் எவ்வாறு தேசிங்குராஜன் ஆனார் என்பதை அவர்தம் கட்டுரையொன்று விளக்குகிறது. அதற்கு முன்னரே, 1943-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட சி.எஸ். சீனிவாசாச்சாரியாரின் செஞ்சி வரலாறு கதைப்பாடலையும் ஆவணங்களையும் ஒருங்கே வைத்து நோக்கியது.

ஆக, காட்சி இவ்வாறு அமைகிறது: முஸ்லிம் நவாபின் புகழைப் பாரசீகத்தில் எழுதியவர் ஓர் இந்து. இந்து அரசனின் கதையில் தன்னை ஈந்து புகழ் பெறுபவர் ஒரு முஸ்லிம். அரசனோ முகலாயரால் அமர்த்தப்பட்ட கோட்டைத் தலைவரின் மகன். நவாபின் அரசியல் அலுவலராக விளங்கிய லாலா தோடர்மல், உடையார்பாளையத்தில் பாதுகாக்கப்பட்டிருந்த காஞ்சி வரதராசப் பெருமாள் திருமேனி 1710-இல் காஞ்சிக்கு மீளத் துணைநின்றவர். இவர்களை இரண்டு முகாம்களாகப் பிரித்து நிறுத்த முயல்வோர்க்கு ஒவ்வொரு முகாமிலும் பொருந்தாத ஆட்கள் மிகுவர்.

செய்தியை நிறுக்கும் முறை

இப்னு கல்தூன் தம் 'முகத்திமா'வின் தொடக்கத்திலேயே, வரலாற்றுச் செய்திகளைக் கேட்டவாறே ஏற்கும் ஆசிரியர்களைக் கண்டிக்கிறார். பெருகிக்கொண்டே போகும் படை எண்ணிக்கைகளை எடுத்துக்காட்டி, அத்தனை பேர் ஒரு களத்தில் நிற்க இயலுமா, அவர்களுக்கு அந்நாடு உணவளிக்க இயலுமா என்று வினவுகிறார். ஒரு செய்தியைச் சொன்னவர் யார் என்று பார்ப்பதோடு நில்லாமல், சமூக வாழ்வின் இயல்புக்கு அது ஒத்துவருகிறதா என்றும் நோக்க வேண்டும் என்பது அவர் வகுத்த அளவுகோல்.

அவ்வளவுகோலைக் கதைப்பாடலின்மீது வைத்தால் பல நிகழ்ச்சிகள் நில்லா. தில்லியில் யாருக்கும் அடங்காத குதிரையை இளம் தேசிங்கு அடக்கியமை போன்றவை கதைமரபின் பொதுவுடைமை. அவற்றை வரலாறாகக் கொள்ள வேண்டியதில்லை. ஆனால் அதே அளவுகோலைச் சமூக உறவின்மீது வைத்தால் கதைப்பாடல் நிற்கிறது. புந்தேல இராஜபுத்திரரும் தக்காண முஸ்லிம் குதிரைவீரரும் ஒரே படையமைப்பில் பழகி, ஒரே களத்தில் பயின்று, ஒரே தலைவரிடம் ஊதியம் பெற்ற காலம் அது. அவ்வாறு பழகிய இருவரிடையே உயிர்நட்பு தோன்றியது என்பது நம்பத்தகாத செய்தியன்று. நிகழ்ச்சிகளில் மிகைபடக் கூறும் கதை உறவுகளில் மெய்யுரைக்கிறது. ஆவணமோ நிகழ்ச்சியைச் சரியாகக் கூறி உறவைக் கூறாது விடுகிறது.

எனினும் கதைப்பாடலைப் போற்றுவதோடு திறனாய்வு முடியுமாயின் அது நம்மை நாமே மகிழ்விப்பதாக அமையும். தேசிங்கையும் முகமது கானையும் இந்து முஸ்லிம் ஒற்றுமைக்கு எடுத்துக்காட்டாக மேடைகளில் கூறும் வழக்கம் நம்மிடம் உண்டு. நோக்கம் நல்லதே. ஆயினும் அவ்வாறு கூறும்போது மூன்றை விட்டுவிடுகிறோம்.

முதலாவது, அந்நட்பு முடிந்த இடம் மரணம். மற்றவனுக்காகத் தன் உயிரை ஈந்த பின்னரே ஒரு முஸ்லிமின் நட்பு மெய்ப்பிக்கப்பட்டது என்னும் பாடம் இதிலிருந்து பெறப்படுமாயின், அப்பாடம் வாழ்வோர்க்கு உதவாது. அண்டைவீட்டார் உயிரைக் கொடுத்து ஒருவர்க்கொருவர் சான்று பகர வேண்டியதில்லை. நம்பிக்கையோடு வாழ்ந்தாலே போதும்.

இரண்டாவது, பெண்கள். மணப்பந்தலில் விடப்பட்ட மணமகள் அதன்பின் என்ன ஆனாள் என்பதற்குக் கதையின் பொதுநினைவில் இடமில்லை. தேசிங்கின் மனைவி செட்டிக்குளக்கரையில் கணவனோடு தீப்புகுந்தாள் என்றும், அவள் நினைவாகவே நவாபு இராணிப்பேட்டையை அமைத்தார் என்றும் மரபு கூறும். பகைவனின் மனைவிக்கு நகரம் எடுத்த பெருந்தன்மையை நாம் மெச்சுகிறோம். உயிரோடிருந்த இளம்பெண் ஒருத்தி தீயில் இறங்கியதன் கொடுமையை அம்மெச்சுதலுக்குள் மறைத்துவிடுகிறோம். ஓர் ஊரின் பெயர் அவளுக்கு ஈடாகாது.

மூன்றாவது, போரின் காரணம். அதுவே அடுத்து நோக்கற்குரியது.

பாக்கி என்னும் சொல்

தேசிங்கு போரிட்டது பாக்கிக்காக. நவாபு படையெடுத்ததும் பாக்கிக்காகவே. இச்சொல் அரபு மூலமுடையது. எஞ்சியிருப்பது என்பது அதன் பொருள். இன்று திண்டிவனத்து மளிகைக் கடையிலும் விழுப்புரத்துப் பேருந்திலும் அனைவரும் சொல்லும் தமிழ்ச்சொல்லாக அது ஆகிவிட்டது. அதனுடன் வந்தவை பல: வசூல், கிஸ்தி, மகசூல், ஜப்தி, கஜானா, தாலுகா, ஜில்லா. ஆண்டுதோறும் வட்டாட்சியர் அலுவலகங்களில் நடைபெறும் ஜமாபந்தியும், வருவாய்க் கணக்குகளில் இன்றும் எழுதப்படும் பசலி ஆண்டும் அவ்வழி வந்தவையே. ஜூலை மாதத்தில் தொடங்கும் பசலி ஆண்டு, 2025-இல் 1435 என எண்ணப்பட்டது. அரபு, பாரசீகச் சொற்கள் தமிழில் கலந்தமையைச் சமய நூல்களின் வாயிலாகவே நாம் பெரிதும் ஆராய்ந்து வருகிறோம். ஆனால் பெரும்பான்மை மக்களின் நாவில் அவை ஏறிய வழி பள்ளிவாசல் மட்டுமன்று. கணக்குச் சாவடியும் சந்தையும் அவ்வழிகளே.

இச்சொற்களின் கூட்டத்தைக் காணும்போது செஞ்சியின் வரலாற்றில் இதுவரை பேசாதிருந்த ஒருவர் தென்படுகிறார். அவர் உழவர். தேசிங்கு கொடுக்க மறுத்ததும் சாதத்துல்லாகான் கேட்டதும் அவ்விருவரும் விளைவித்த செல்வமன்று. அது சங்கராபரணி பாயும் ஊர்களிலும் ஏரிப்பாசன வயல்களிலும் விளைந்த தானியம். கோட்டைக்குள் நிற்கும் பெருங்களஞ்சியங்களே அதற்குக் கற்சான்று. இராஜகிரியின் உச்சியை வியந்து நோக்கும் பயணி, அடிவாரத்தில் உள்ள களஞ்சியத்தை விரைந்து கடந்துவிடுகிறார். மாறாக, களஞ்சியத்திலிருந்து தொடங்கி உச்சியை நோக்கினால் கோட்டையின் பயன் விளங்கும். மதிலுக்கு வெளியே விளைந்ததை மதிலுக்குள் சேர்த்துக் காப்பதற்கே மதில்.

இக்கோணத்தில் பார்த்தால் கதைப்பாடலும் 'சயீத் நாமா'வும் ஒருவகையில் ஒன்றுபடுகின்றன. ஒன்று மறுத்தவனைப் பாடுகிறது. மற்றது கேட்டவனைப் பாடுகிறது. கொடுத்தவனை இரண்டுமே பாடவில்லை. யுனெஸ்கோவின் தலைப்பும் இவ்வரிசையிலேயே நிற்கிறது. 'இராணுவ நிலவமைப்பு' என்னும் தொடர், நிலத்தை உழுதவரை நீக்கிவிட்டு அதன்மீது நின்று போரிட்டவரை மட்டும் எண்ணுகிறது. பெயரில் 'மராத்திய' என்னும் அடையை நீக்கி 'நாயக்க' என்றோ 'முகலாய' என்றோ சேர்த்தாலும் இக்குறை தீராது. எனவே அடைமொழிக்காக மட்டும் வழக்காடுவோர் பாதி வழக்கையே எடுத்துரைக்கின்றனர் என்பது என் எண்ணம்.

வெள்ளிக்கிழமைச் சந்தை

செஞ்சியில் வாரச்சந்தை வெள்ளிக்கிழமை கூடும். ஆட்டு வணிகத்திற்குப் பெயர்பெற்ற சந்தை அது. விடியுமுன்னரே சிற்றூர்களிலிருந்து வெள்ளாடுகளும் செம்மறிகளும் வண்டிகளில் வந்திறங்குகின்றன. தீபாவளிக்கும் பக்ரீத் பெருநாளுக்கும் முந்தைய வாரங்களில் கூட்டம் பன்மடங்காகும். ஒரு பண்டிகைக்காக விற்போரும் மற்றொரு பண்டிகைக்காக வாங்குவோரும் ஒரே தரகரின் முன் நிற்பர். பல்லைப் பிடித்து வயதறிந்து, முதுகைத் தடவி எடையறிந்து, விலை பேசி, முன்பணம் கொடுத்து, எஞ்சியதைப் பாக்கி என்று சொல்லிப் பிரிவர். அங்கே அச்சொல் போருக்குக் காரணமன்று. அடுத்த வெள்ளிக்கிழமையும் சந்திப்போம் என்னும் உறுதிமொழி அது.

அண்மையில் அச்சந்தையைக் கண்டு, பின்னர் நண்பகலில் கோட்டைக்குள் சென்றபோது, ஆனந்தக்கோன் மரபு நினைவுக்கு வந்தது. கோட்டையின் முதல் தலைவன் ஆடு மேய்த்த குலத்தவன் என்று ஊர்மரபு கூறுகிறது. அரசுகள் பல மாறிய பின்னரும் மலையடிவாரத்தில் ஆடு விற்கப்படுகிறது. அந்தத் தொடர்ச்சியைக் கூறும் அறிவிப்புப் பலகை எதையும் அங்கு நான் காணவில்லை.

ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்திற்கும் சென்றேன். ஊரார் அதனைக் 'கமிட்டி' என்பர். நெல்லும் மல்லாட்டையும் மூட்டைகளாய் அடுக்கப்பட்டிருந்தன. மூட்டையின்மீது அமர்ந்திருந்த முதியவர் ஒருவரிடம், கோட்டையைப் பார்க்க வெளிநாட்டார் இனி மிகுதியாய் வருவார்களாமே என்றேன். "வரட்டுங்க ஐயா. வர்றவங்க இங்கேயும் கொஞ்சம் எட்டிப் பார்க்கட்டும்" என்றார். இக்கட்டுரையில் நான் விரித்துரைத்ததை அவர் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

செய்யத்தக்கவை

செஞ்சிக்குக் கிடைத்துள்ள உலகத் தகுதியை மறுப்பது நம் நோக்கமன்று. அத்தகுதியைக் கொண்டு அதன் முழு வரலாற்றையும் வாசிக்கத் தருவதே வேண்டுவது. சாதத்துல்லாகான் பள்ளிவாசலின் பாரசீகக் கல்வெட்டு அதன் தமிழ்ப் பொருளுடன் பார்வையாளர்க்குக் காட்டப்பட வேண்டும். வேங்கடரமணர் கோயிலில் நிற்போர்க்கு அதன் தூண்கள் சென்ற இடம் கூறப்பட வேண்டும். களஞ்சியத்தின் முன் நிற்போர்க்கு அது எவருடைய விளைச்சலால் நிரம்பியது என்பது கூறப்பட வேண்டும். திருநாதர் குன்றிலுள்ள 24 தீர்த்தங்கரர் சிற்பங்களும், தமிழ்ச் சமணரின் மடம் அமைந்த மேல்சித்தாமூரும், மேல்மலையனூரும், வழுதாவூரும் கோட்டையோடு சேர்த்துக் காணத்தக்கவை.

நம் பங்கும் உண்டு. பீம்சேனின் நூலும் ஜஸ்வந்த் ராயின் நூலும் தமிழ் வாசகர்க்கு எட்டும் வகையில் நல்ல குறிப்புகளுடன் தமிழில் கிடைக்க வேண்டும். நவாபு கால வரலாற்று நூலான 'துசுக்கே வாலாஜாஹி'யைப் பாரசீகத்திலிருந்து ஆங்கிலத்திற்குக் கொணர்ந்த பேராசிரியர் எஸ். முகம்மது உசைன் நயினார் சென்னைப் பல்கலைக்கழகத்தில் தொடங்கி வைத்த பணி அது. அப்பணி தமிழில் தொடரப்பட்டால், செஞ்சியைப் பற்றிப் பேசுவோர் ஊகத்தை விட்டுச் சான்றை நாடுவர். இந்துக்கள் எழுதிய பாரசீக நூல்களையும் முஸ்லிம் வீரனைப் போற்றும் தமிழ்க் கதைப்பாடலையும் ஒருங்கே வாசித்த மாணவரிடம் பிரிவினையின் வரலாற்றை எவரும் எளிதில் விற்க இயலாது.

கடலி என்னும் ஊர்ப்புறத்தில் போர் நிகழ்ந்ததாகக் கூறுவர். முகமது கானுக்கும் அவர் குதிரைக்கும் உரிய சமாதிகள் என ஊரார் காட்டும் இடங்களும் அப்பகுதியில் உண்டு. அவை எவருடையவை என்பதை மெய்ப்பிக்கும் ஆவணத்தைத் தேடுவதைவிட, 300 ஆண்டுகளுக்கு மேலாக அவற்றை அப்பெயராலேயே நினைவில் வைத்திருக்கும் உழவர் ஊர்களை மதிப்பதே முதன்மையானது. நவாபின் கணக்கில் அவ்வூர்கள் பாக்கியாக மட்டுமே எழுதப்பட்டன. அரசனின் கதையில் அவை எழுதப்படவே இல்லை. எனினும் அக்கதையை இறக்கவிடாமல் காத்தவை அவ்வூர்களே. செஞ்சியைக் காணச் செல்வோர் மலையேறுமுன் அவற்றின் வழியாகச் செல்வார்களாக.